குளிர் இருந்தால் மட்டும் பனி பெய்யுமா?

பனி என்ற ஒரே சொல்லை நாம் பல பொருள்களில் வழங்குகிறோம். மார்கழி விடியலில் புல் நுனியில் நிற்கும் நீர்த்துளியும் பனிதான். சாலையை மறைத்துக்கொண்டு நிற்கும் வெண்புகையும் பனிதான். ஜனவரி மாதத்தில் உதகையின் புல்வெளிகளை வெளுக்கச் செய்யும் உறைபனியும் பனிதான். இமயத்தின் சிகரங்களைப் போர்த்தியிருப்பதும் பனிதான். இந்தக் கட்டுரையில் நாம் பேசப்போவது, மேகத்திலிருந்து பஞ்சுத் துகள்களைப் போல இறங்கி வரும் பனியைப் பற்றி. குழப்பம் நேராமலிருக்க அதை மட்டும் 'வெண்பனி' என்று அழைப்போம். வெப்பநிலைகள் அனைத்தையும் செல்சியஸ் அளவிலேயே குறிப்போம்.

மாணவ நண்பர்களே, முதலில் உங்களிடம் ஒரு கேள்வி. உலகில் வெண்பனி மிக அதிகமாகப் பெய்யும் இடம் எப்படிப்பட்டதாக இருக்கும்? "மிகவும் குளிரான இடமாக இருக்கும்" என்று நீங்கள் உடனே விடை சொல்லலாம். அது சரியா என்று பார்ப்போம்.

அண்டார்டிகாவில் வஸ்தோக் என்ற ஆய்வு நிலையம் உள்ளது. 1983-ஆம் ஆண்டு ஜூலை 21-ஆம் நாள் அங்கே வெப்பநிலை −89.2 டிகிரிக்கு இறங்கியது. தரைமட்ட நிலையங்களில் அளக்கப்பட்ட வெப்பநிலைகளில் இதுவே மிகக் குறைவானது. ஆனால் அங்கே ஓர் ஆண்டு முழுவதும் விழும் வெண்பனியைத் திரட்டி உருக்கினால் இரண்டு மூன்று சென்டிமீட்டர் உயர நீர்தான் தேறும். மழைக் கணக்கில் அது ஒரு பாலைவனம்!

மறுபக்கம் ஜப்பானைப் பாருங்கள். அதன் மேற்குக் கரையில் உள்ள தக்காதா என்ற ஊரில் ஜனவரி மாதத்தின் சராசரி வெப்பநிலை பூஜ்யத்துக்கு மேலேதான் இருக்கிறது. அங்கே 1945-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் தரையில் கிடந்த வெண்பனியின் ஆழம் 377 சென்டிமீட்டர். வீட்டின் கீழ்த்தளம் முழுவதும் மூழ்கிவிடும் உயரம் அது.

ஆகவே குளிருக்கும் வெண்பனிக்கும் உள்ள உறவு நாம் நினைப்பதுபோல் அவ்வளவு எளிதானதன்று. இந்த உறவைப் புரிந்துகொள்ள 2020 டிசம்பர் முதல் 2021 பிப்ரவரி வரையிலான ஒரே ஒரு குளிர்காலத்தை எடுத்துக்கொள்வோம். அந்தக் குளிர்காலத்தில் ஜப்பான், ஸ்பெயின், அல்ஜீரியா, அமெரிக்காவின் டெக்ஸாஸ் ஆகிய நான்கு நாட்டுப் பகுதிகளிலும் வழக்கத்துக்கு மாறான வானிலை நிலவியது. நான்கிலும் காரணம் வேறு, விளைவும் வேறு.

வெண்பனி பிறக்கும் விதம்

காற்றில் எப்போதும் கொஞ்சம் நீராவி கலந்திருக்கிறது. எவ்வளவு கலந்திருக்க முடியும் என்பதை வெப்பநிலை முடிவு செய்கிறது. 30 டிகிரியில் ஒரு கனமீட்டர் இடத்தில் ஏறத்தாழ 30 கிராம் நீராவி இருக்கலாம். பூஜ்ய டிகிரியில் அது 5 கிராமுக்கும் சற்றுக் குறைவு. −20 டிகிரியில் வெறும் 1 கிராம். −60, −70 என்று இறங்கினால் நீராவி என்று சொல்லிக்கொள்ளவே ஏதும் இராது. வஸ்தோக்கின் புதிர் இதனால் விளங்கிவிடுகிறது. அங்கே குளிருக்குப் பஞ்சமில்லை. உறைவதற்குத்தான் நீராவி இல்லை.

நீராவி இருந்தாலும் போதாது. அந்தக் காற்று மேலே ஏற வேண்டும். மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறைகிறது. அழுத்தம் குறையும்போது காற்று விரிகிறது, விரியும்போது குளிர்கிறது. குளிர்ந்ததும் நீராவி நுண்ணிய நீர்த்துளிகளாக மாறி மேகம் ஆகிறது. மலைச் சரிவு காற்றை மேலே தூக்கலாம். கனமான குளிர்காற்றின் மீது இலேசான வெப்பக்காற்று சறுக்கி ஏறலாம். கீழே வெதுவெதுப்பான கடல் இருந்து காற்றைச் சூடேற்றி எழுப்பலாம். எப்படியோ ஓர் ஏற்றம் வேண்டும்.

மேகத்தில் நடப்பது இன்னும் வேடிக்கையானது. நுண்ணிய நீர்த்துளிகள் பூஜ்ய டிகிரியில் உடனே உறைந்துவிடுவதில்லை. −10, −15 டிகிரியிலும் பல துளிகள் நீராகவே மிதந்துகொண்டிருக்கும். அவற்றின் நடுவே ஒரு சிறு தூசியைப் பற்றிக்கொண்டு ஒரு பனித்துகள் தோன்றுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நீரைக் காட்டிலும் பனித்துகள் நீராவியை எளிதில் பற்றிக்கொள்ளும். எனவே பனித்துகள் வளர்கிறது. சுற்றியுள்ள நீர்த்துளிகள் ஆவியாகித் தேய்கின்றன. வளர்ந்து கனத்த துகள் கீழே விழத் தொடங்குகிறது. நீர் மூலக்கூறுகள் பனிக்கட்டியில் அறுகோண வடிவில் அடுக்கப்பட்டிருப்பதால் வெண்பனிப் படிகத்துக்கு ஆறு பக்கங்கள் அமைகின்றன. ஜப்பானில் ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நக்காயா என்ற இயற்பியல் அறிஞர் 1936-ஆம் ஆண்டு முயலின் மயிர் ஒன்றின் நுனியில் செயற்கையாக வெண்பனிப் படிகத்தை வளர்த்துக் காட்டினார். வெப்பநிலையையும் ஈரத்தையும் மாற்றினால் படிகத்தின் வடிவம் மாறுகிறது என்பதையும் அவர் கண்டறிந்தார். −15 டிகிரியை ஒட்டிய குளிரில் கிளைவிட்ட அழகிய விண்மீன் வடிவங்கள் கிடைக்கின்றன.

ஆக, வெண்பனிக்கு வேண்டியவை மூன்று: குளிர், ஈரம், ஏற்றம். மூன்றும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் சேர வேண்டும். விழும் வெண்பனி வழியில் உருகிவிடாமல் தரைவரை குளிரும் இருக்க வேண்டும்.

உதகையில் ஏன் வெண்பனி இல்லை?

உதகையில் சில ஜனவரி இரவுகளில் புல்லின் வெப்பநிலை பூஜ்யத்துக்கும் கீழே போகிறதே, அங்கே ஏன் வெண்பனி பெய்வதில்லை என்று உங்களுக்குத் தோன்றலாம். உதகையின் உயரம் ஏறத்தாழ 2,240 மீட்டர். நம் அட்சரேகையில் வளிமண்டலம் பூஜ்ய டிகிரியை எட்டுவது ஏறத்தாழ 5,000 மீட்டர் உயரத்தில். ஆகவே மேலிருந்து வெண்பனி இறங்கினாலும் உதகையை அடைவதற்கு வெகு முன்பே உருகி மழையாகிவிடும்.

அப்படியானால் உறைபனி எப்படி வருகிறது? மேகமற்ற, காற்று அசையாத இரவில் தரை தன் வெப்பத்தைக் கதிர்வீச்சாக வானத்துக்கு இழக்கிறது. தரையை ஒட்டிய மெல்லிய காற்றடுக்கு மட்டும் உறைநிலைக்கு வருகிறது. அதிலுள்ள நீராவி நீராகாமல் நேரே பனிக்கட்டியாகிப் புல்லின்மேல் படிகிறது. மேகம் வந்தாலோ அது ஒரு போர்வைபோல வெப்பத்தைத் திருப்பி அனுப்பும், குளிர் குறைந்துவிடும். அதாவது, உறைபனிக்குத் தெளிந்த வானம் வேண்டும். வெண்பனிக்கு மேகம் வேண்டும். இரண்டும் எதிரெதிர்!

இன்னொன்றையும் அறிந்துகொள்ளுங்கள். இடியுடன் பெய்யும் உயர்ந்த மேகங்களின் உச்சி நம் நாட்டிலும் உறைநிலைக்கு வெகு கீழே குளிர்ந்திருக்கிறது. சென்னையிலும் மதுரையிலும் நம்மை நனைக்கும் அத்தகைய மழையில் ஒரு பகுதி, மேலே பனித்துகளாகப் பிறந்து வரும் வழியில் உருகியதே.

நீங்களே செய்து பாருங்கள்

இரண்டு எவர்சில்வர் டம்ளர்களை எடுத்து வெளிப்புறத்தை நன்றாகத் துடைத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் உடைத்த பனிக்கட்டியை நிரப்புங்கள். ஒன்றில் மட்டும் பனிக்கட்டியில் மூன்றில் ஒரு பங்கு கல்லுப்பைப் போட்டுக் கலக்குங்கள். சில நிமிடங்கள் பொறுத்துப் பாருங்கள். உப்பு இல்லாத டம்ளரின் வெளிப்புறம் நீர்த்துளிகளால் வியர்த்திருக்கும். உப்பு போட்ட டம்ளரின் வெளிப்புறத்தில் வெண்மையான பூச்சு படியும். விரல் நகத்தால் சுரண்டிப் பாருங்கள். ஈரக் கையால் டம்ளரை அழுத்திப் பிடிக்க வேண்டாம். முதல் டம்ளர் பூஜ்ய டிகிரியில் நிற்கிறது. உப்பு சேர்ந்ததால் இரண்டாவது பூஜ்யத்துக்குப் பல டிகிரி கீழே இறங்கிவிட்டது. முன்னதில் உண்டானது புல் நுனிப் பனித்துளி. பின்னதில் உண்டானது உதகையின் உறைபனி.

இப்போது நான்கு ஊர்களுக்கும் போவோம்.

ஜப்பான்: கடல் தரும் வெண்பனி

குளிர்காலத்தில் சைபீரியாவிலிருந்து வறண்ட கடுங்குளிர்க் காற்று ஜப்பானை நோக்கி வீசுகிறது. இடையில் ஜப்பான் கடல் இருக்கிறது. தெற்கிலிருந்து வரும் வெப்ப நீரோட்டம் ஒன்று அந்தக் கடலைக் குளிர்காலத்திலும் உறையாமல் வைத்திருக்கிறது. கடல் நீரைக் காட்டிலும் காற்று மிகவும் குளிர்ந்திருப்பதால், கடல் காற்றுக்கு அடுப்பாகிறது. காற்று சூடேறி, நீராவியை வாரிக்கொண்டு எழுகிறது. நம் வடகிழக்குப் பருவக்காற்று வங்கக் கடலைக் கடக்கும்போது ஈரத்தை ஏற்றிக்கொண்டு வந்து நமக்கு மழை தருவதை நினைத்துக்கொள்ளுங்கள். அதே ஏற்பாடுதான், இங்கே மழைக்குப் பதில் வெண்பனி. கரையைத் தாண்டியதும் மலைத்தொடர் காற்றை இன்னும் மேலே தூக்குகிறது. குளிர், ஈரம், ஏற்றம் மூன்றும் அங்கே ஆண்டுதோறும் ஒன்றுசேர்கின்றன. மலையைத் தாண்டி மறுபக்கம் இறங்கும் காற்றோ ஈரத்தை இழந்துவிட்ட காற்று. அதனால்தான் மலைக்கு இந்தப் பக்கம் வெண்பனியில் வீடுகள் புதைந்திருக்கும்போது, இரயிலில் ஒன்றரை மணி நேரப் பயணத்தில் உள்ள டோக்கியோவில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்.

2020 டிசம்பர் நடுவில் இந்த ஏற்பாடு வழக்கத்தை மிஞ்சி வேலை செய்தது. குன்மா மாவட்டத்தின் மலைப்பகுதியான மினக்காமியில் 48 மணி நேரத்தில் ஏறத்தாழ 2 மீட்டர் வெண்பனி கொட்டியது. டோக்கியோவையும் நீகாட்டாவையும் இணைக்கும் நெடுஞ்சாலையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் சிக்கிக்கொண்டன. அவற்றை முழுவதும் மீட்க இரண்டு நாளுக்கு மேல் ஆயிற்று.

வெண்பனி பார்வைக்குத்தான் பஞ்சு. புதிதாக விழுந்த வெண்பனி ஒரு கனமீட்டர் ஏறத்தாழ 100 கிலோகிராம் இருக்கும். சில நாள் கிடந்து இறுகியதென்றால் 300 கிலோகிராமும் ஆகலாம். 100 சதுர மீட்டர் கூரையின்மேல் 1 மீட்டர் ஆழத்துக்கு அது இறுகிக் கிடந்தால் கூரை தாங்க வேண்டிய எடை எவ்வளவு? கணக்கிட்டுப் பாருங்கள்: 30,000 கிலோகிராம், அதாவது 30 டன்! அதனால்தான் அங்குள்ளவர்கள் கூரைமேல் ஏறி வெண்பனியைத் தள்ளுகிறார்கள். தள்ளும்போது தவறி விழுந்து உயிரிழக்கும் முதியவர்கள் ஒவ்வொரு குளிர்காலத்திலும் உண்டு. ஆனாலும் அந்த மக்கள் வெண்பனியோடு வாழக் கற்றவர்கள். நாகாவோக்கா போன்ற ஊர்களில் சாலை நடுவே குழாய்கள் பதித்து நிலத்தடி நீரைத் தெளித்து வெண்பனியை உருக்குகிறார்கள். ஏறத்தாழ 13 டிகிரியில் ஊறும் அந்த நீர், வெண்பனிக்கு வெந்நீர்தானே! அதே நாட்டில் சப்போரோ என்ற பெருநகரில் ஓர் ஆண்டில் பெய்யும் வெண்பனி மொத்தம் ஏறத்தாழ 5 மீட்டர். ஏறத்தாழ 20 இலட்சம் மக்கள் அங்கே வழக்கம்போல் பள்ளிக்கும் அலுவலகத்துக்கும் போய்வருகிறார்கள்.

மாட்ரிட்: ஐம்பது ஆண்டுக்குப் பின்

ஸ்பெயின் நாட்டின் தலைநகரான மாட்ரிட் 650 மீட்டர் உயர மேட்டுநிலத்தில் உள்ளது. அங்கே குளிர்காலத்தில் குளிர் உண்டு; ஆனால் பெருமளவில் வெண்பனி விழுவது அரிது. 2021 ஜனவரி முதல் வாரத்தில் மேட்டுநிலத்தின்மேல் குளிர்காற்று ஏற்கனவே தேங்கிக் கிடந்தது. அப்போது தென்மேற்கிலிருந்து 'பிலோமினா' என்று பெயரிடப்பட்ட புயல் ஈரக்காற்றைக் கொண்டுவந்தது. இலேசான ஈரக்காற்று கனமான குளிர்காற்றின் மேல் சறுக்கி ஏறியது. தனித்தனியாக வரும் இரண்டு விருந்தாளிகள் ஒரே நாளில் வந்தது போலாயிற்று. ஜனவரி 8, 9 ஆகிய நாள்களில் நகரில் 30 முதல் 50 சென்டிமீட்டர் வரை வெண்பனி குவிந்தது. 1971-க்குப் பிறகு அந்த நகரம் இவ்வளவு கண்டதில்லை. விமான நிலையம் மூடப்பட்டது, இராணுவம் அழைக்கப்பட்டது, நகரின் பெரிய கடைத்தெருவில் மக்கள் பனிச்சறுக்குக் கட்டைகளில் போனார்கள். குளிர்காலத்திலும் இலை உதிர்க்காத மரங்கள் வெண்பனியை இலைகளில் ஏந்திக்கொண்டு, எடை தாங்காமல் பெருமளவில் முறிந்தன.

பெய்து முடிந்தபின் குளிர் இன்னும் கூடியது. ஜனவரி 12-ஆம் நாள் காலை தெருவேல் மாநிலத்தின் பெல்லோ என்ற சிற்றூரில் −25.4 டிகிரி பதிவாயிற்று. ஏன்? புதிய வெண்பனி தன்மேல் விழும் சூரிய ஒளியில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் திருப்பி அனுப்பிவிடும். இரவிலோ வெப்பத்தைக் கதிர்வீச்சாக நன்றாக இழக்கும். இடையிடையே காற்று சிக்கியிருப்பதால், கம்பளியைப் போலத் தரையின் வெப்பத்தை மேலே வரவிடாது. பகலில் வரவு இல்லை. இரவில் செலவு அதிகம். அடியிலிருந்து கடனும் கிடையாது. வெப்பக் கணக்கு இப்படி ஆனால் குளிர் ஏறத்தானே செய்யும்?

சகாராவின் வாயிலில்

அல்ஜீரியாவின் ஐன் செப்ரா என்ற ஊர் 'சகாராவின் வாயில்' என்று அழைக்கப்படுகிறது. ஒரு பக்கம் செம்மணல் மேடுகள். மறுபக்கம் அட்லஸ் மலை. ஊரே ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரத்தில் உள்ளது. 1979-ஆம் ஆண்டு பிப்ரவரி 18-ஆம் நாள் அங்கே அரை மணி நேரம் வெண்பனி பெய்தது உலகச் செய்தியாயிற்று. பின்னர் 2016 டிசம்பரிலும் 2018 ஜனவரியிலும் பெய்தது. நாம் எடுத்துக்கொண்ட குளிர்காலத்தில், 2021 ஜனவரியிலும், செம்மணல் வரிகளின்மேல் வெண்பனி கோடு போட்டிருந்தது.

பாலைவனத்தில் வெண்பனி என்றதும் "அங்கே எப்படிக் குளிர் வந்தது?" என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். அது தவறான கேள்வி. வறண்ட, தெளிந்த வானத்தின் கீழ்ப் பாலைவனத்துக் குளிர்கால இரவு உறைநிலைக்கு இறங்குவது புதிதல்ல. "அங்கே எப்படி ஈரம் வந்தது?" என்பதே சரியான கேள்வி. வடக்கிலிருந்து ஒரு காற்றழுத்தத் தாழ்வு எப்போதாவது வழக்கத்தைவிடத் தெற்கே இறங்கி வருகிறது. அது கடலின் ஈரத்தைக் கொண்டுவரும்போது மலை அதை மேலே தூக்குகிறது. அப்போது மூன்றும் கூடுகின்றன. விழுந்தது பெரும்பாலும் பகல் வெயிலில் மறைந்துவிடும். இந்தப் பனியால் யாருக்கும் பெரிய துன்பமில்லை, படம் எடுத்துக்கொள்ளலாம். அடுத்த ஊரின் கதை அப்படிப்பட்டதன்று.

டெக்ஸாஸ்: ஒரு சாண் பனி, 246 உயிர்கள்

டெக்ஸாஸ் அமெரிக்காவின் தென்கோடி மாநிலங்களில் ஒன்று. அதன் பெருநகரான ஹூஸ்டன், நம் ஹரித்துவாரம் உள்ள அட்சரேகையை ஒட்டியே இருக்கிறது. ஆனால் ஒரு பெரிய வேறுபாடு. நம் நாட்டின் வடக்கே இமயமலை கிழக்கு மேற்காக மதில் போல் நின்று மத்திய ஆசியாவின் கடுங்குளிர்க் காற்றைத் தடுத்துவிடுகிறது. வட அமெரிக்காவிலோ மலைத்தொடர்கள் வடக்குத் தெற்காக ஓடுகின்றன. துருவத்துக் காற்று கிளம்பினால் மெக்சிகோ வளைகுடாவரை அதைத் தடுப்பார் இல்லை.

2021 பிப்ரவரி நடுவில் அதுதான் நிகழ்ந்தது. டெக்ஸாஸின் 254 மாவட்டங்களுக்கும் ஒரே நேரத்தில் குளிர்புயல் எச்சரிக்கை விடுக்கப்பட்டது. பிப்ரவரி 16-ஆம் நாள் டல்லஸ் நகரில் வெப்பநிலை −19 டிகிரி. 1949-க்குப் பிறகு அத்தகைய குளிர் இல்லை. அங்கே பெய்த வெண்பனி ஏறத்தாழ 10 சென்டிமீட்டர். ஒரு சாண்கூட இல்லை. சப்போரோவின் சிறுவர்கள் அதைப் பனி என்றே மதிக்கமாட்டார்கள். ஆயினும் டெக்ஸாஸ் அரசின் கணக்கின்படி இறந்தவர்கள் 246 பேர்.

எப்படி? மக்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் மின்கணப்பைப் போட்டார்கள். மின்சாரத் தேவை உயர்ந்த அதே நேரத்தில் உற்பத்தி சரிந்தது. அங்கே மின் நிலையங்கள் கோடை வெப்பத்தை எண்ணிக் கட்டப்பட்டவை. வடமாநிலங்களில் கட்டடத்துக்குள் இருக்கும் குழாய்களும் கருவிகளும் இங்கே திறந்த வெளியில் இருந்தன. அவை உறைந்தன. இயற்கை எரிவாயுக் கிணறுகளும் உறைந்தன. காற்றாலைகளில் பனிக்கட்டி படிந்தது. மின்சாரம் நின்றதால் எரிவாயுவை அனுப்பும் எந்திரங்கள் நின்றன. எரிவாயு நின்றதால் மேலும் சில மின் நிலையங்கள் நின்றன. பாம்பு தன் வாலையே விழுங்கியது போன்ற நிலை.

மின் தொகுப்பின் அலைவெண் அங்கே வினாடிக்கு 60 சுற்று. தேவை மிகுந்து உற்பத்தி குறைந்தால் இந்த எண் இறங்கும். பிப்ரவரி 15 அதிகாலையில் அது 59.4-க்கும் கீழே போய், நான்கு நிமிடங்களுக்கு மேல் அங்கேயே நின்றது. ஒன்பது நிமிடம் நீடித்திருந்தால் மின் நிலையங்கள் தாமாகவே விலகி, மாநிலத்தின் பெரும்பகுதி முழுவதும் இருண்டு, மீள வாரக்கணக்கில் ஆகியிருக்கும். அதைத் தடுக்க 45 இலட்சம் வீடுகளுக்கும் மேல் மின்சாரத்தைத் துண்டித்தார்கள். டெக்ஸாஸின் மின் தொகுப்பு பெரும்பாலும் தனித்தே இயங்குவதால் பக்கத்து மாநிலங்களிலிருந்து போதிய உதவியும் வாங்க முடியவில்லை.

வீட்டுக் குழாய்களும் வெடித்தன. நீர் உறையும்போது அதன் பருமன் நூற்றுக்கு ஒன்பது பங்கு கூடும் என்பதை நீங்கள் பாடத்தில் படித்திருப்பீர்கள். குளிரை எண்ணாமல் கட்டிய வீட்டில் குழாய்க்குப் போர்வை கிடையாது. இருண்ட, உறைந்த வீடுகளில் உடல் வெப்பம் இழந்து இறந்தவர்களே அதிகம். மூடிய வீட்டுக்குள் கரியை எரித்தும், வண்டிக் கொட்டகையில் காரை ஓடவிட்டும் குளிர்காய முயன்று, கார்பன் மோனாக்சைடு வாயுவுக்குப் பலியானவர்களும் உண்டு. அந்த வாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. இந்த ஒரு செய்தியை மட்டும் நம் மலையூர்களில் இருப்போர் மறக்கவே கூடாது: கதவு சன்னலை அடைத்துவிட்டுக் கரியடுப்பை வைத்துக்கொண்டு உறங்கக் கூடாது.

இதில் வருந்தத்தக்கது இன்னொன்று. 2011 பிப்ரவரியிலும் டெக்ஸாஸில் இதுபோன்ற குளிர் வந்து மின் நிலையங்கள் நின்றன. குளிரைத் தாங்கும்படி அவற்றைச் சீரமைக்க வேண்டும் என்று மத்திய அமைப்புகள் அந்த ஆண்டே விரிவான அறிக்கை தந்தன. ஆனால் அது கட்டாயமாக்கப்படவில்லை. 2021-இல் நேர்ந்த இழப்புக்குப் பிறகுதான் சட்டம் வந்தது.

உச்சியில் சுழலும் பம்பரம்

துருவத்துக் காற்று ஏன் அவ்வளவு தெற்கே வந்தது? குளிர்காலம் முழுவதும் வடதுருவத்தில் சூரியனே தெரிவதில்லை. அங்கே தரையிலிருந்து 15 முதல் 50 கிலோமீட்டர் உயரத்தில் கடுங்குளிர்க் காற்றைச் சுற்றி மேற்குக் காற்று பெரும் வேகத்தில் சுழல்கிறது. இதைத் 'துருவச் சுழல்' என்பர். வேகமாகச் சுற்றும் பம்பரம் ஒரே இடத்தில் நிற்பதுபோல, சுழல் வலுவாக இருக்கும்வரை குளிர் துருவத்திலேயே அடைபட்டிருக்கும்.

சில குளிர்காலங்களில் கீழ்வளிமண்டலத்திலிருந்து எழும் பேரலைகள் இந்தப் பம்பரத்தைத் தட்டிவிடுகின்றன. வேகம் குறைகிறது, துருவத்தின்மேல் காற்று கீழே அமுங்குகிறது. சைக்கிள் பம்பை அழுத்தினால் அதன் அடி சூடாவதை அறிவீர்கள் அல்லவா? அதுபோல் அமுங்கும் காற்றும் சூடேறி, சில நாள்களுக்குள் அந்த உயரத்தில் வெப்பநிலை பல பத்து டிகிரி ஏறிவிடும். 1952-ஆம் ஆண்டு பெர்லினில் ரிச்சர்ட் ஷெர்ஹாக் என்ற வானிலை அறிஞர் பலூன்களில் அனுப்பிய கருவிகளைக் கொண்டு இதை முதன்முதலில் கண்டார். 2021 ஜனவரி 5-ஆம் நாளும் இது நேர்ந்தது. தள்ளாடும் பம்பரம் சாய்வதுபோல், அடுத்த வாரங்களில் குளிர்காற்று நாக்குகளாக நீண்டு தெற்கே இறங்க வழி ஏற்பட்டது.

ஆனால் எல்லாப் பழியையும் இதன்மேல் போட்டுவிடக்கூடாது. ஜப்பானின் பெரும்பனி இதற்கு முன்பே, டிசம்பரிலேயே வந்துவிட்டது. டெக்ஸாஸ் குளிரில் இதன் பங்கு எவ்வளவு என்பதிலும் அறிஞர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை.

உலகம் சூடாகிறது என்பது பொய்யா?

இவ்வளவு குளிரைப் பார்த்தபின் இப்படிக் கேட்பவர்கள் உண்டு. குளிர்காற்று ஓரிடத்தில் தெற்கே இறங்கினால் வேறோரிடத்தில் வெப்பக்காற்று வடக்கே ஏறுகிறது. அந்தப் பிப்ரவரியிலேயே ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரைப் பாருங்கள். 14-ஆம் நாள் அங்கே −23.8 டிகிரி. ஒரே வாரம் கழித்து, 21-ஆம் நாள், 18.1 டிகிரி! ஓர் ஊரின் ஒரு நாள் குளிரைக் கொண்டு உலகின் வெப்பத்தை அளக்க முடியாது. 2020-ஆம் ஆண்டு, அதுவரை அளக்கப்பட்ட ஆண்டுகளில் மிக வெப்பமானவற்றுள் ஒன்று.

மேலும், காற்றின் வெப்பநிலை 1 டிகிரி கூடினால் அது தாங்கும் நீராவி ஏறத்தாழ நூற்றுக்கு ஏழு பங்கு கூடும். ஆகவே சூடான உலகில் பல இடங்களில் வெண்பனி நாள்கள் குறையும். ஆனால் கடல் சூடேறி, குளிரும் போதிய அளவு மிஞ்சியிருக்கும் இடங்களில், பெய்யும்போது ஒரேயடியாகக் கொட்டவும் கூடும். குளிர் மட்டும் வெண்பனியை உண்டாக்குவதில்லை, ஈரமும் வேண்டும் என்று தொடக்கத்தில் கண்டோமே, அதை நினைவில் வைத்தால் இதில் முரண்பாடு ஒன்றுமில்லை.

நான்கையும் ஒருசேர வைத்துப் பார்த்தால்

மினக்காமியில் 2 மீட்டர். மாட்ரிட்டில் அரை மீட்டர். டல்லஸில் 10 சென்டிமீட்டர். துன்பத்தின் வரிசையோ ஏறத்தாழத் தலைகீழ். வெண்பனியின் ஆழத்தை அளவுகோலால் அளக்கலாம். குளிரை வெப்பமானியால் அளக்கலாம். ஆனால் அது தரும் ஆபத்தை, அந்த ஊரின் வீடும் குழாயும் மின்கம்பியும் எதற்காகக் கட்டப்பட்டவை என்பதை வைத்துத்தான் அளக்க முடியும். வழக்கமாக வருவதற்கு மட்டும் ஆயத்தமாக இருந்த ஊர், வழக்கத்துக்கு மாறாக வந்ததில் தவித்தது. இது வெண்பனிக்கு மட்டுமான பாடமன்று. பெருமழைக்கும் வெப்ப அலைக்கும் இதுவே பொருந்தும்.

மாணவ நண்பர்களே, இன்றே ஒரு வேலையைத் தொடங்குங்கள். உங்கள் ஊரின் அன்றாடக் குறைந்தபட்ச வெப்பநிலையை நாளிதழில் பார்த்து ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். அதன் பக்கத்தில், அந்த இரவு வானம் தெளிவாக இருந்ததா, மேகமாக இருந்ததா என்றும் குறியுங்கள். மார்கழி, தை இரண்டு மாதம் இதைச் செய்தால், மேகம் போர்வையாக இருப்பது உண்மைதானா என்பதை உங்கள் குறிப்பேடே உங்களுக்குச் சொல்லும். பல ஆண்டுகள் தொடர்ந்தால், உங்கள் ஊருக்கு எது வழக்கம், எது வழக்கத்துக்கு மாறானது என்பதும் தெரிந்துவிடும். 1949-இல் டல்லஸின் குளிரை யாரோ ஒருவர் இப்படிக் குறித்து வைத்ததனால்தான், 2021-இல் வந்த குளிர் எவ்வளவு அரியது என்று நம்மால் இன்று சொல்ல முடிகிறது.